ஒரே டொமைன், மூன்று இடத்திலிருந்து மெயில்: கூடுதல் சர்வர்களை எப்படிச் சேர்ப்பது?

கேட்டவர்: பில்லிங்_பெட்டி

வணக்கம். எங்கள் டொமைனின் அஞ்சல் பெட்டிகள் எல்லாம் கூகுள் வொர்க்ஸ்பேஸில் இருக்கின்றன. எம்எக்ஸ் (வரும் மெயிலை எந்த சர்வர் வாங்கும் என்று சொல்லும் டிஎன்எஸ் ரெக்கார்டு) கூகுளைத்தான் காட்டுகிறது, அதில் கை வைக்கும் எண்ணம் இல்லை. இப்போது அதே டொமைன் பெயரில் இன்னும் இரண்டு சர்வர்கள் மெயில் அனுப்ப வேண்டும்.

முதலாவது பில்லிங் சர்வர் (203.0.113.25). இன்வாய்ஸ், ஓடிபி, கடவுச்சொல் மாற்றும் இணைப்பு எல்லாம் சேர்த்து நாளுக்கு ஏறத்தாழ 1,500 மெயில். இரண்டாவது செய்திமடல் சர்வர் (198.51.100.40). மாதம் இருமுறை 12,000 பேருக்குப் போகும். இரண்டிலும் உபுண்டு 22.04, போஸ்ட்ஃபிக்ஸ் (மெயில் அனுப்பும் மென்பொருள்). இரண்டும் வேறு வேறு கிளவுட் நிறுவனங்களில் இருக்கின்றன.

இதுவரை செய்தது: ஏற்கெனவே கூகுளுக்கு இருந்த எஸ்பிஎஃப் ரெக்கார்டோடு (எங்கள் பெயரில் எந்த ஐபிகள் அனுப்பலாம் என்ற பட்டியல்), சர்வருக்கு ஒன்றாக இன்னும் இரண்டு எஸ்பிஎஃப் ரெக்கார்டுகள் சேர்த்திருக்கிறேன். டிகிம் (மெயிலில் இடும் டிஜிட்டல் கையெழுத்து) இன்னும் போடவில்லை. டிமார்க் (இவை இரண்டும் தவறும் மெயிலை என்ன செய்வது என்ற அறிவிப்பு) 'பி=நன்', அதாவது ஒன்றும் செய்ய வேண்டாம் என்று இருக்கிறது.

நடப்பது: ஜிமெயிலுக்குப் போகும் மெயில் 550-5.7.26 (அனுப்புநர் யார் என்று உறுதியாகவில்லை) என்று திரும்புகிறது. பில்லிங் சர்வரிலிருந்து எங்கள் அலுவலக முகவரிகளுக்கு அனுப்பினால் சர்வரை விட்டே வெளியே போவதில்லை, 'யூசர் அன்னோன் இன் லோக்கல் ரெசிப்பியன்ட் டேபிள்' என்று பவுன்ஸ் ஆகிறது. அந்த முகவரிகள் கூகுளில் நன்றாக வேலை செய்கின்றன.

புதிய சர்வர்களை எம்எக்ஸில் சேர்க்க வேண்டுமா? டிகிம் சாவி மூன்றுக்கும் ஒன்றா, தனித்தனியா? வேறு என்ன விட்டிருக்கிறேன்?

---

பழைய_போஸ்ட்மாஸ்டர்

எம்எக்ஸைத் தொடாதீர்கள். அது வரும் மெயிலுக்கு வழி சொல்வது. அனுப்ப மட்டும் செய்யும் சர்வருக்கு அதில் இடமே இல்லை. பில்லிங் சர்வரை எம்எக்ஸில் சேர்த்தால் முன்னுரிமை எண் 50 என்று போட்டாலும் ஸ்பேம் அனுப்புகிறவர்கள் கூகுளைத் தாண்டி நேராக அங்கேதான் வருவார்கள். கடைசி எம்எக்ஸில் வடிகட்டி பலவீனமாக இருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

அலுவலக முகவரிகள் பவுன்ஸ் ஆவதற்குக் காரணம் உள்ளேயே இருக்கிறது. போஸ்ட்ஃபிக்ஸை நிறுவும்போது 'சிஸ்டம் மெயில் நேம்' என்று ஒரு கேள்வி வரும். அதில் டொமைன் பெயரைக் கொடுத்திருப்பீர்கள். டெபியன், உபுண்டு இரண்டிலும் அந்தப் பெயர் மெயின்.சிஎஃப் கோப்பின் 'மைடெஸ்டினேஷன்' வரியில் போய் உட்கார்ந்துகொள்ளும். உடனே அந்த சர்வர் "இந்த டொமைனின் பெட்டிகள் எல்லாம் என்னிடம்தான் இருக்கின்றன" என்று எடுத்துக்கொள்கிறது. லினக்ஸ் பயனர் பட்டியலில் அந்தப் பெயர் இல்லையென்றதும் திருப்பிவிடுகிறது. அந்த வரியில் சர்வரின் ஹோஸ்ட்நேமும் லோக்கல்ஹோஸ்டும் மட்டும் இருக்கட்டும். டொமைனை எடுத்துவிட்டு ரீலோட் செய்தால், அது எம்எக்ஸைப் பார்த்து மெயிலைக் கூகுளுக்கு அனுப்பும். 'மைஆரிஜின்' வரி டொமைன் பெயராகவே இருக்கலாம், அதில் தவறில்லை.

எஸ்பிஎஃப்: ஒரு டொமைனுக்கு ஒரே ஒரு ரெக்கார்டுதான். 'வி=எஸ்பிஎஃப்1' என்று தொடங்கும் டிஎக்ஸ்டி (உரை வைக்கும் டிஎன்எஸ் ரெக்கார்டு) ஒன்றுக்கு மேல் இருந்தால் பெறும் சர்வர் எதையும் தேர்ந்தெடுக்காது, நேராக 'பெர்ம்எரர்' (நிரந்தரப் பிழை) என்று முடித்துவிடும். அதாவது இப்போது உங்கள் கூகுள் மெயிலுக்கும் எஸ்பிஎஃப் வேலை செய்யவில்லை. மூன்றையும் ஒன்றாக்குங்கள். வரிசை இது: வி=எஸ்பிஎஃப்1, ஐபி4:203.0.113.25, ஐபி4:198.51.100.40, கூகுளுக்கான இன்க்ளூட் (அவர்களின் பட்டியலையும் சேர்ப்பது), கடைசியில் ~ஆல் (மற்றவை சந்தேகத்துக்குரியவை).

டிஎன்எஸ் லுக்அப் 10-ஐத் தாண்டக் கூடாது என்பது 2014-இல் வந்த ஆர்எஃப்சி 7208-இன் விதி. இன்க்ளூட், ஏ, எம்எக்ஸ், எக்ஸிஸ்ட்ஸ், பிடிஆர், ரீடைரக்ட் எல்லாம் கணக்கில் சேரும். இன்க்ளூடுக்குள் இருக்கும் இன்க்ளூடும் சேரும். ஐபி4, ஐபி6, ஆல் மூன்றும் சேராது. அதனால் சொந்த சர்வருக்கு எப்போதும் ஐபி எண்ணையே எழுதுங்கள். பழக்கதோஷத்தில் பலர் 'எம்எக்ஸ்' என்ற சொல்லையும் உள்ளே போட்டு வைப்பார்கள். உங்கள் எம்எக்ஸ் கூகுளின் வாங்கும் சர்வர்கள். அவை உங்களுக்காக எதையும் அனுப்புவதில்லை, லுக்அப் மட்டும் வீணாகும்.

அடுத்தது பிடிஆர், அதாவது ஓர் ஐபியின் பெயர் என்ன என்று சொல்லும் ரெக்கார்டு. இதை டொமைன் வாங்கிய இடத்தில் மாற்ற முடியாது, ஐபி யாருடையதோ அவர்களின் கன்ட்ரோல் பேனலில்தான் மாற்ற முடியும். ஐபிக்கு ஒரு பெயர், அந்தப் பெயருக்கு ஏ ரெக்கார்டு திரும்ப அதே ஐபி, போஸ்ட்ஃபிக்ஸின் 'மைஹோஸ்ட்நேம்' அதே பெயர். இந்த மூன்றும் ஒத்துப்போக வேண்டும். கிளவுட் நிறுவனம் தானாகக் கொடுத்த, எண்களால் ஆன பெயரை அப்படியே விட்டால் பல இடங்களில் வாசலிலேயே தடுப்பார்கள்.

சர்வரில் ஐபிவி6 இருந்தால் அதற்கும் இதெல்லாம் வேண்டும். ஏ ரெக்கார்டு, பிடிஆர், எஸ்பிஎஃப் எல்லாவற்றையும் ஐபிவி4-க்கு மட்டும் போட்டுவிட்டு, மெயில் ஐபிவி6 வழியாகப் போய் 550-5.7.25 (அந்த ஐபிக்கு பிடிஆர் சரியில்லை என்ற மறுப்பு) வாங்குவதைத்தான் அதிகம் பார்க்கிறோம். பராமரிக்க விருப்பமில்லையென்றால் 'இனெட்_ப்ரோட்டோகால்ஸ்' வரியை 'ஐபிவி4' என்று மாற்றி போஸ்ட்ஃபிக்ஸை ரீஸ்டார்ட் செய்யுங்கள். இதற்கு ரீலோட் போதாது.

---

ஹெட்டர்_வாசி

மேலே சொன்னது எல்லாம் சரி. ஆனால் எஸ்பிஎஃப் பாஸ் ஆனதைப் பார்த்ததும் நிம்மதியாகிவிடாதீர்கள். எஸ்பிஎஃப் சோதிப்பது ஃப்ரம் ஹெட்டரில் தெரியும் முகவரியை அல்ல. எஸ்எம்டிபி உரையாடலில் 'மெயில் ஃப்ரம்' என்று கொடுக்கப்படும் என்வலப் முகவரியைத்தான் அது பார்க்கிறது. தபால் உறையின் மேல் இருக்கும் அனுப்புநர் முகவரி ஒன்று, உள்ளே கடிதத்தாளின் தலைப்பில் அச்சிட்டது இன்னொன்று. டிமார்க் கேட்பது, உறையின் டொமைனோ டிகிம் கையெழுத்தின் டொமைனோ இவற்றில் ஒன்றாவது கடிதத் தலைப்பின் டொமைனோடு ஒத்துப்போகிறதா என்பதை.

பில்லிங் அப்ளிகேஷன் பிஎச்பி என்றால் மெயில் ஃபங்ஷன் பெரும்பாலும் 'டபிள்யுடபிள்யுடபிள்யு-டேட்டா' என்ற பயனர் பெயரில்தான் என்வலப்பை எழுதும். மைஆரிஜின் ஹோஸ்ட்நேமாக இருந்தால் பின்னால் ஒட்டுவது சர்வரின் முழுப் பெயர். எஸ்பிஎஃப் அந்த சப்டொமைனுக்குத் தேடப்படும். தாய் டொமைனின் எஸ்பிஎஃப் சப்டொமைனுக்கு இறங்காது. விடை 'நன்', அதாவது ஒன்றுமில்லை. அதனால் பிஎச்பி.ஐஎன்ஐ கோப்பில் சென்ட்மெயில்_பாத் வரியில் '-எஃப்' கொடுத்து, உண்மையில் இருக்கிற ஒரு பெட்டியை என்வலப் முகவரியாக வையுங்கள். கூகுளில் 'பவுன்ஸ்' என்ற பெயரில் ஒரு குரூப் போதும். பெட்டி இல்லாத முகவரியாக இருந்தால் திரும்பி வரும் பவுன்ஸ்கள் மறுபடி பவுன்ஸ் ஆகி, எந்த வாடிக்கையாளர் முகவரி செத்துப்போனது என்பதே தெரியாமல் போகும்.

சர்வரின் ஹோஸ்ட்நேமுக்கும் தனியாக ஒரு சின்ன எஸ்பிஎஃப் போடுங்கள்: வி=எஸ்பிஎஃப்1, ஏ, -ஆல் (மற்ற எதையும் ஏற்க வேண்டாம்). சர்வர் அனுப்பும் பவுன்ஸ் அறிவிப்புகளில் என்வலப் வெறுமையாக இருக்கும். அப்போது ஹீலோ பெயரைத்தான் (சர்வர் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் பெயர்) சோதிப்பார்கள்.

டிகிம் சாவி தனித்தனியாக இருக்கட்டும். ஒவ்வொன்றுக்கும் செலக்டர் (டிஎன்எஸ்-இல் அந்தச் சாவியைத் தேடும் பெயர்) வேறு என்பதால் ஒன்றோடொன்று மோதாது: கூகுளுக்கு அதன் வழக்கமான 'கூகுள்' செலக்டர், பில்லிங்குக்கு 'பில்2025', செய்திமடலுக்கு 'நியூஸ்2025' என்பது போல. ஒரு சர்வர் திருட்டுப் போனால் அந்த ஒரு செலக்டரை மட்டும் டிஎன்எஸ்-இலிருந்து நீக்கினால் போதும். ஒரே சாவியை எல்லா சர்வரிலும் நகலெடுத்தால் அந்த வசதி போய்விடும்.

சாவி 2048 பிட். அதன் பொதுச்சாவி 255 எழுத்தைத் தாண்டும், ஆனால் டிஎக்ஸ்டியின் ஒரு சரம் 255 எழுத்துதான் தாங்கும். சில டிஎன்எஸ் பேனல்கள் தாமே பிரித்துக்கொள்ளும், சிலவற்றில் நீங்களே இரண்டு மேற்கோள் சரங்களாக உடைத்து அடுத்தடுத்து எழுத வேண்டும். உடைத்த இடத்தில் இடைவெளியோ வரி முறிவோ சரத்துக்குள் புகுந்துவிட்டதா என்று பாருங்கள். பிறகு ஓபன்டிகிமோடு (டிகிம் கையெழுத்திடும் மென்பொருள்) வரும் 'ஓபன்டிகிம்-டெஸ்ட்கீ' ஓட்டுங்கள். 'கீ ஓகே' வந்தால் முடிந்தது. அதோடு வரும் 'கீ நாட் செக்யூர்' என்பது பிழை அல்ல. டொமைனில் டிஎன்எஸ்செக் (டிஎன்எஸ் விடைகளுக்கான கையெழுத்து) இல்லை என்பதை அது அப்படிச் சொல்கிறது, அவ்வளவுதான்.

ஓபன்டிகிம் நிறுவும்போது உபுண்டுவில் ஒரு பொறி உண்டு. அதன் சாக்கெட் 'ரன்' டைரக்டரிக்குள் இருக்கும். போஸ்ட்ஃபிக்ஸோ தன் ஸ்பூல் டைரக்டரிக்குள் அடைபட்டு ஓடுவதால் அந்த சாக்கெட் கண்ணில் படாது. லோக்கல்ஹோஸ்டில் 8891 போர்ட்டுக்கு மாற்றிவிடுவது எளிது. மெயிலைக் கையெழுத்துக்கு எங்கே கொடுப்பது என்று போஸ்ட்ஃபிக்ஸுக்குச் சொல்லும் 'எஸ்எம்டிபிடி_மில்டர்ஸ்', 'நான்_எஸ்எம்டிபிடி_மில்டர்ஸ்' இரண்டிலும் அதையே கொடுங்கள். இரண்டாவதை விட்டால், அதே சர்வரில் சென்ட்மெயில் கட்டளை வழியாகப் போகும் மெயிலுக்குக் கையெழுத்தே விழாது. பிஎச்பி போவது அந்த வழியில்தான்.

'மில்டர்_டிஃபால்ட்_ஆக்ஷன்' வரிக்கு இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகள் பலவும் 'அக்செப்ட்' என்று சொல்லும். வேண்டாம். ஓபன்டிகிம் விழுந்துகிடந்தால் கையெழுத்தில்லாத மெயில் சத்தமில்லாமல் வெளியே போய்க்கொண்டே இருக்கும். போஸ்ட்ஃபிக்ஸின் இயல்பு மதிப்பான 'டெம்ப்ஃபெயில்' இருக்கட்டும்.

கூகுள் பக்கத்தையும் ஒருமுறை பாருங்கள். அட்மின் கன்சோலில் டிகிம் சாவி உருவாக்கி, 'ஸ்டார்ட் ஆத்தென்டிகேஷன்' அழுத்தியிருக்கிறீர்களா? இல்லையென்றால் கூகுள் தன் சொந்த 'கேப்ஸ்எஸ்எம்டிபி' டொமைனில் கையெழுத்திடும். கையெழுத்து செல்லும், ஆனால் உங்கள் டொமைனோடு ஒத்துப்போகாது. எஸ்பிஎஃப் மட்டும் தாங்கிக்கொண்டிருக்கும். யாராவது மெயிலை ஃபார்வர்ட் செய்தால் அதுவும் உடையும்.

---

கியூ_காவலர்

இருவரும் சொன்னது சரிதான், ஆனால் கேள்வியின் அடியிலேயே எனக்கு ஓர் ஆட்சேபம். பில்லிங் சர்வர் ஏன் நேராக வெளியே அனுப்ப வேண்டும்? வெளியுலகோடு பேசும் ஐபி ஒவ்வொன்றுக்கும் பிடிஆர், நற்பெயர், கறுப்புப் பட்டியல் கண்காணிப்பு, டிகிம் சாவி மாற்றம் எல்லாம் சேர்ந்து வரும். நாளை மூன்றாவது அப்ளிகேஷன் வந்தால் மறுபடி முதலிலிருந்து. வெளியே போக ஒரே ஒரு ரிலே சர்வர், மற்றவை எல்லாம் அதற்குக் கொடுக்கட்டும். கையெழுத்தும் அங்கேயே.

தவிர, பல கிளவுட்களில் வெளியே போகும் போர்ட் 25 (சர்வருக்குச் சர்வர் மெயில் போகும் வாசல்) மூடியே இருக்கும். அமேசான் இசி2-வில் விண்ணப்பித்தால் திறப்பார்கள். கூகுள் கிளவுடில் வெளி முகவரிகளுக்கு அது அடைபட்டுத்தான் இருக்கும். லாகில் 'கனெக்ஷன் டைம்டு அவுட்' என்று எல்லா டொமைனுக்கும் வந்தால் எஸ்பிஎஃப்பைக் குடைய வேண்டாம், இதைப் பாருங்கள்.

பில்லிங் சர்வரில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். 'ரிலேஹோஸ்ட்' வரியில் ரிலேயின் பெயரைச் சதுர அடைப்புக்குள் எழுதி, போர்ட் 587. அடைப்பு இருந்தால் எம்எக்ஸ் தேடாமல் நேராக அந்த ஹோஸ்டுக்குப் போகும். பயனர் பெயர், கடவுச்சொல்லுக்கு எஸ்ஏஎஸ்எல் இயக்குங்கள், டிஎல்எஸ் கட்டாயமாக்குங்கள். 'லிப்எஸ்ஏஎஸ்எல்2-மாட்யூல்ஸ்' பேக்கேஜ் இல்லையென்றால் 'நோ மெக்கானிசம் அவெய்லபிள்' என்று லாகில் வரும். 'எஸ்எம்டிபி_எஸ்ஏஎஸ்எல்_செக்யூரிட்டி_ஆப்ஷன்ஸ்' இயல்பாகவே வெறும் கடவுச்சொல்லைத் தடுக்கும். அதை 'நோஅனானிமஸ்' என்று மட்டும் வைத்தால்தான் ப்ளெய்ன், லாகின் முறைகள் ஓடும்.

ரிலே ஒன்று விழுந்தால்? பில்லிங் சர்வரின் கியூவில் மெயில் காத்திருக்கும், இயல்பாக 5 நாள். இன்வாய்ஸுக்கு அது சரி. ஓடிபிக்கு அல்ல. முதல் முயற்சி தவறினால் அடுத்தது சுமார் 5 நிமிடம் கழித்துத்தான், அதற்குள் ஓடிபி காலாவதி. அதனால் ரிலே இரண்டு வைத்து, போஸ்ட்ஃபிக்ஸ் 3.5 அல்லது அதற்குப் பிந்தியது என்றால் ரிலேஹோஸ்ட் வரியில் இரண்டையும் காற்புள்ளியிட்டு எழுதலாம். உபுண்டு 22.04-இல் இருப்பது 3.6, அதனால் ஓடும். கடவுச்சொல் கோப்பில் இரண்டு ரிலேக்கும் தனி வரி வேண்டும், அதை மறந்துவிடுவார்கள்.

செய்திமடலை மட்டும் இந்த ரிலேயில் கலக்காதீர்கள். தனி ஐபி, தனி சப்டொமைன். ஃப்ரம், என்வலப், டிகிம் மூன்றும் 'நியூஸ்' சப்டொமைனிலேயே. செய்திமடலை யாராவது ஸ்பேம் என்று அழுத்தினால் அதன் சூடு ஓடிபி போகும் ஐபியைத் தொடக் கூடாது. அப்படிச் செய்தால் 198.51.100.40 தாய் டொமைனின் எஸ்பிஎஃப்பில் இருக்கவே தேவையில்லை. சப்டொமைனுக்கு மட்டும் எழுதுங்கள்.

ஆனால் சப்டொமைன் போட்டதால் கூகுளின் மொத்த அனுப்புநர் விதியிலிருந்து தப்ப முடியாது. பிப்ரவரி 2024 முதல், தனிப்பட்ட ஜிமெயில் முகவரிகளுக்கு 24 மணி நேரத்தில் 5,000 அல்லது அதற்கு மேல் அனுப்பும் டொமைனுக்கு எஸ்பிஎஃப், டிகிம் இரண்டும் வேண்டும், டிமார்க்கும் வேண்டும். சப்டொமைன்களின் எண்ணிக்கை தாய் டொமைனோடு கூட்டப்படும். ஒருமுறை அந்த அளவைத் தொட்டுவிட்டால் பிறகு குறைத்தாலும் பட்டியலிலிருந்து இறங்க முடியாது. உங்கள் 12,000 பேரில் பாதிக்கு மேல் ஜிமெயில் இருந்தால் முதல் இதழிலேயே தொட்டுவிடுவீர்கள். அவுட்லுக்.காமும் மே 2025 முதல் இதே 5,000 அளவை வைத்திருக்கிறது. தவறினால் 550 5.7.515.

ஒரே அழுத்தத்தில் விலகும் வசதியும் கட்டாயம். 'லிஸ்ட்-அன்சப்ஸ்கிரைப்', 'லிஸ்ட்-அன்சப்ஸ்கிரைப்-போஸ்ட்' இரண்டு ஹெட்டரும் வேண்டும், இரண்டும் டிகிம் கையெழுத்துக்குள் வர வேண்டும். அந்த இணைப்பு 'போஸ்ட்' கோரிக்கையை ஏற்க வேண்டும். லாகின் பக்கத்துக்கு அனுப்பினால் செல்லாது. ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடவே கூடாது, 0.1-க்குக் கீழே வைத்திருங்கள். கூகுள் போஸ்ட்மாஸ்டர் டூல்ஸில் டொமைனைச் சேர்த்தால் இது தெரியும்.

புதிய ஐபியில் முதல் நாளே 12,000 தள்ளாதீர்கள். நாளுக்குச் சில நூறில் தொடங்கி, 4.7 என்று தொடங்கும் தள்ளிப்போடும் பதில்கள் லாகில் வராத வரை இரட்டிப்பாக்கிப் போங்கள். போஸ்ட்ஃபிக்ஸில் ஜிமெயிலுக்கு மட்டும் ஒரு மெதுவான டிரான்ஸ்போர்ட் அமைத்து ரேட்_டிலே 1 நொடி வைத்தால், 12,000-உம் ஜிமெயிலாக இருந்தாலும் 3 மணி 20 நிமிடத்தில் முடிந்துவிடும். செய்திமடலுக்கு அது ஒன்றும் தாமதம் இல்லை.

கறுப்புப் பட்டியல் பார்க்கும்போது ஒன்று: ஸ்பாம்ஹவுஸ் என்ற பட்டியலை 8.8.8.8 போன்ற பொது ரிசால்வர் (டிஎன்எஸ் விடை தேடித் தரும் சர்வர்) வழியாகக் கேட்டால் 127.255.255.254 என்று விடை வரும். உங்கள் ஐபி பட்டியலில் இருப்பதாக அதற்கு அர்த்தம் இல்லை, கேட்ட வழி தவறு என்று அர்த்தம். சர்வரிலேயே சொந்த ரிசால்வர் வைத்துக் கேளுங்கள்.

---

பில்லிங்_பெட்டி

மூவருக்கும் மிக்க நன்றி. மைடெஸ்டினேஷன் சரி செய்ததும் அலுவலக மெயில் போய்விட்டது. எஸ்பிஎஃப் ஒன்றாக்கிவிட்டேன். கியூ_காவலர் சொன்னபடி புதிய ஐபியில் ஒரு ரிலே வைத்து, பில்லிங் சர்வரை வயர்கார்ட் என்ற விபிஎன் வழியாக (10.8.0.0/24) இணைத்திருக்கிறேன். உள் நெட்வொர்க் என்பதால் எஸ்ஏஎஸ்எல் வைக்கவில்லை, ரிலேயின் 'மைநெட்வொர்க்ஸ்' வரியில் அந்த வரம்பைச் சேர்த்தேன். எஸ்பிஎஃப்பில் பில்லிங் ஐபியை எடுத்துவிட்டு ரிலேயின் ஐபி.

இப்போது ஒரு சிக்கல். ரிலேயிலிருந்தே சோதனை மெயில் அனுப்பினால் டிகிம் பாஸ். பில்லிங் சர்வரிலிருந்து ரிலே வழியாகப் போகும் மெயிலில் கையெழுத்தே இல்லை. இரண்டிலும் ஃப்ரம் முகவரி ஒன்றுதான்.

---

ஹெட்டர்_வாசி

'இன்டர்னல்ஹோஸ்ட்ஸ்'. ஓபன்டிகிம் இயல்பாக 127.0.0.1-இலிருந்து வருவதற்கு மட்டும்தான் கையெழுத்திடும். மற்ற ஐபியிலிருந்து வந்தால் அதை வெளியிலிருந்து வந்த மெயிலாக நினைத்துச் சரிபார்க்க மட்டும் செய்யும். ரிலேயின் லாகில் 'எக்ஸ்டர்னல் ஹோஸ்ட்' என்று தொடங்கும் வரி இருக்கும், பாருங்கள். போஸ்ட்ஃபிக்ஸின் மைநெட்வொர்க்ஸ் ஓபன்டிகிமுக்குத் தெரியாது, இரண்டும் வேறு புரோகிராம்கள். ஒரு கோப்பில் 127.0.0.1, லோக்கல்ஹோஸ்ட், 10.8.0.0/24 என்று வரிக்கு ஒன்றாக எழுதி, இன்டர்னல்ஹோஸ்ட்ஸ் வரியில் அந்தக் கோப்பைக் காட்டுங்கள். அந்தக் கோப்பில் 127.0.0.1-ஐ விட்டுவிட்டால் இதுவரை ஓடிய ரிலேயின் சொந்த மெயிலும் நின்றுவிடும். எஸ்ஏஎஸ்எல் வைத்திருந்தால் இந்தச் சிக்கலே வந்திருக்காது, லாகின் செய்து வரும் மெயிலை அது உள்ளூராகவே எடுத்துக்கொள்ளும்.

---

பழைய_போஸ்ட்மாஸ்டர்

வயர்கார்ட் வரம்பை மைநெட்வொர்க்ஸில் சேர்த்தது சரி, ஆனால் அந்த நெட்வொர்க்கில் டெவலப்பர்களின் மடிக்கணினிகளும் இருந்தால் முழு /24 வேண்டாம். பில்லிங் சர்வரின் ஒரே ஐபியை /32 ஆகக் கொடுங்கள். அந்த வரம்பில் ஒரு கணினி கெட்டாலும் உங்கள் டிகிம் கையெழுத்தோடு ஸ்பேம் போகும், அதுவும் ஓடிபி போகும் அதே ஐபியிலிருந்து.

பழைய பில்லிங் ஐபியை எஸ்பிஎஃப்பிலிருந்து எடுத்தீர்களே, அந்த சர்வரில் வேறெதுவும் ரிலேயைத் தாண்டி நேராக அனுப்பவில்லையே? பேக்கப் ஸ்கிரிப்ட், மானிட்டரிங் போன்றவை தமக்கென்று ஒரு எஸ்எம்டிபி வைத்துக்கொண்டு அனுப்பும். ஃபயர்வாலில் அந்த சர்வரிலிருந்து வெளியே போகும் 25-ஐ மூடிவிட்டால் தானாகத் தெரிந்துவிடும்.

---

கியூ_காவலர்

அதைக் கண்டுபிடிக்க டிமார்க் அறிக்கையும் உதவும். ரெக்கார்டில் 'ஆர்யுஏ' முகவரி (அறிக்கை வந்து சேர வேண்டிய இடம்) இருக்கிறதா? 'பி=நன்' மட்டும் போட்டு ஆர்யுஏ இல்லாமல் விட்டால் உங்களுக்கு எந்தத் தகவலும் வராது. அறிக்கை நாளுக்கு ஒருமுறை, சுருக்கப்பட்ட எக்ஸ்எம்எல் கோப்பாக வரும். எந்த ஐபி எத்தனை மெயில் அனுப்பியது, எஸ்பிஎஃப், டிகிம் எது ஒத்துப்போனது என்று இருக்கும். முகவரியைத் தனிப் பெட்டியாக வையுங்கள். வேறு டொமைனின் முகவரியைக் கொடுத்தால் அந்த டொமைன் தன் டிஎன்எஸ்-இல் அனுமதி ரெக்கார்டு போட்டால்தான் அனுப்புவார்கள்.

செய்திமடல் இரண்டு இதழாவது போகும் வரை நன்-இலேயே இருங்கள், அப்போதுதான் மூன்று வழியும் அறிக்கையில் விழும். தெரியாத ஐபி எதுவும் மிஞ்சவில்லை என்றால் 'குவாரன்டைன்' (ஸ்பேமில் போடு), அதன்பின் 'ரிஜெக்ட்' (ஏற்காதே). எஸ்பிஎஃப்பின் ~ஆலை -ஆல் ஆக்க அவசரப்படாதீர்கள். சில சர்வர்கள் -ஆலைப் பார்த்ததும் டிகிமைப் படிக்காமலேயே வாசலில் தள்ளிவிடும், ஃபார்வர்ட் ஆன நல்ல மெயிலும் அதில் போகும். கடுமையை டிமார்க்கில் காட்டுங்கள்.